சர்க்காரும் ஆற்று ஜலமும்: கலிபோர்னியாவின் நியூ மெலோன்ஸ் அணை வழக்கு

குடியானவர் ஒருவர் ஆற்றின் குறுக்கே கட்டை கட்டி ஜலத்தைத் தேக்க விரும்பினால், அதற்குரிய அதிகாரியிடம் மனுச் செய்து, உத்தரவு பெற்று, உத்தரவிற் கண்ட நிபந்தனைகளுக்கு அடங்கி நடத்தல் வேண்டும். இது யாவரும் அறிந்த விஷயம். அணையைக் கட்டுவது சர்க்கார் இலாகாவே ஆயின் அதுவும் அவ்வண்ணமே மனுச் செய்யவேண்டுமா, நிபந்தனைகளுக்குத் தலை வணங்க வேண்டுமா என்பதே இங்கு ஆராயத்தக்கது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பாகத்தில் இக்கேள்வி நூறு வருஷங்களுக்கு மேலாக விவகாரத்தில் இருந்து வந்திருக்கிறது. கலிபோர்னியா இராஜ்யத்தில் ஸ்டானிஸ்லாஸ் என்னும் ஆற்றில் எழுந்த நியூ மெலோன்ஸ் அணையைப் பற்றிய வழக்கிலே அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 1978ஆம் வருஷம் ஜூலை மாதம் 3ஆம் தேதி இதற்கு விடையளித்தது.

அத்தேசத்தில் ஆட்சி இரு பகுதியாக நடைபெறுவது முதலில் கவனிக்கத் தக்கது. வாஷிங்டன் நகரிலிருந்து நடக்கும் ஐக்கிய சர்க்கார் ஒன்று. தனித்தனியே சட்டசபையும் கவர்னரும் உடைய ஐம்பது இராஜ்யங்கள் மற்றொன்று. மேற்கிலுள்ள பூமியில் பெரும்பாகம் ஐக்கிய சர்க்காருக்குச் சொந்தமாயிருந்தும், ஆற்று ஜலத்தை யார், எவ்வளவு, எதற்காக எடுக்கலாம் என்று விதிக்கும் அதிகாரம் இராஜ்யங்களின் சட்டத்தையே சார்ந்து வந்தது. இதற்குக் காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. 1848ஆம் வருஷத்தில் கலிபோர்னியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டவுடன் பதினாயிரக்கணக்கான ஜனங்கள் அங்கே திரண்டு, மண்ணைக் கழுவிப் பொன்னைப் பிரிப்பதற்காக ஓடைகளிலிருந்து வாய்க்கால் வெட்டி ஜலத்தைத் திருப்பினர். சட்டம் இயற்றுவார் எவருமில்லாத அவ்விடத்தில், முதலில் எடுத்தவனுக்கு முதற் பாத்தியம் என்ற வழக்கத்தைச் சுரங்கக்காரர்களே ஏற்படுத்திக்கொண்டனர். பின்னர் உழவர்களும் அதையே பின்பற்றினர். காங்கிரஸ் என்னும் ஐக்கிய சட்டசபையும் 1866, 1877ஆம் வருஷங்களின் சட்டங்களால் அவ்வழக்கத்தை அங்கீகரித்தது. தமிழ்நாட்டில் மாமூல் என்ற சொல்லுக்கு ஆயக்கட்டில் எத்தகைய வலிமை உண்டோ, ஏறக்குறைய அத்தகைய வலிமை அங்கே பாத்தியத்தின் தேதிக்கு உண்டு. ஜலம் குறைந்த வருஷத்தில் எல்லோருக்கும் சமமாகக் குறைப்பது அங்கே வழக்கமன்று. கடைசியாக வந்தவனுடைய மடை முதலில் அடைபடும்.

கலிபோர்னியாவில் இத்துடன் ஆற்றங்கரை நிலத்துக்குரிய பழைய பாத்தியமும் கலந்திருப்பதால், அங்குள்ள நீர்ச் சட்டம் மிகவும் சிக்கலானது. அதன் விவரம் இங்கு வேண்டுவதில்லை. 1914ஆம் வருஷத்திலிருந்து புதிதாக ஆற்று ஜலம் எடுப்போர் அனைவரும் இராஜ்யத்திடம் அனுமதி பெறவேண்டும் என்பதும், ஜலம் வீணாகாமல் நியாயமான பிரயோஜனத்துக்கே உபயோகப்பட வேண்டும் என்று 1928இல் அவ்விராஜ்யத்தின் அரசியற் சட்டத்திலேயே எழுதப்பட்டதும் தெரிந்திருந்தால் போதும். அனுமதி வழங்கும் வேலை 1967ஆம் வருஷம் முதல் இராஜ்ய நீர்வளக் கட்டுப்பாட்டுப் போர்டினிடம் உள்ளது.

ஐக்கிய சர்க்கார் பாசன வேலையில் இறங்கியது 1902ஆம் வருஷத்து ரெக்ளமேஷன் சட்டத்தின் மூலமாகும். வறண்ட பூமியைச் சாகுபடிக்குக் கொண்டுவருவதற்காக அணைகளையும் கால்வாய்களையும் கட்டுவதே இச்சட்டத்தின் நோக்கம். இதை நடத்தும் இலாகா ரெக்ளமேஷன் பீரோ எனப்படும். இச்சட்டத்தின் 8ஆம் பிரிவே பின்வந்த விவகாரங்களுக்கெல்லாம் மூலம். பாசன ஜலத்தைக் கையாளுதல், எடுத்தல், பங்கிடுதல் ஆகியவற்றைப் பற்றிய இராஜ்யங்களின் சட்டத்தில் இச்சட்டம் குறுக்கிடாது என்றும், இலாகா மந்திரி அச்சட்டங்களுக்கு இணங்கியே நடத்தல் வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. ஜலப் பாத்தியம் பாய்கின்ற நிலத்தைச் சேர்ந்தது என்பதும், பயனுள்ள உபயோகமே அப்பாத்தியத்துக்கு அடிப்படையும் அளவும் எல்லையும் ஆகும் என்பதும் அதே பிரிவில் அடங்கியுள்ளன.

சட்டம் இவ்வளவு தெளிவாயிருந்தும், இலாகாவின் அதிகாரிகள் நாளடைவில் இதற்கு வேறு பொருள் கொள்ளலாயினர். 1958இலும் 1963இலும் சுப்ரீம் கோர்ட்டு அளித்த சில தீர்ப்புகள் அவர்களுக்கு இடங்கொடுத்தன. ஏற்கெனவே ஜலப் பாத்தியம் உள்ளவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தால் போதும், மற்றபடி இராஜ்யத்தின் நிபந்தனை ஐக்கிய சர்க்காரைக் கட்டாது என்ற கருத்து அத்தீர்ப்புகளில் தொனித்தது.

நியூ மெலோன்ஸ்

ஸ்டானிஸ்லாஸ் ஆறு சியரா நெவாடா மலையிற் பிறந்து மேற்கு நோக்கி ஓடி ஸான் ஹோவாகின் ஆற்றிற் கலக்கிறது. அதன் கரையிலுள்ள உழவர்கள் ஓக்டேல், தென் ஸான் ஹோவாகின் என்ற இரண்டு பாசன ஜில்லாக்களாகக் கூடி, 1926ஆம் வருஷத்தில் தங்கள் செலவிலேயே மெலோன்ஸ் என்னுமிடத்தில் ஓர் அணை கட்டியிருந்தார்கள். அதனிலும் மிகப் பெரிய அணையொன்றை வெள்ளத் தடுப்புக்காக 1944இலும், பாசனம், மின்சாரம் முதலியவற்றையும் சேர்த்து 1962இலும் காங்கிரஸ் மஞ்சூர் செய்தது. இராணுவ என்ஜினீயர்கள் கட்டி ரெக்ளமேஷன் பீரோவிடம் ஒப்புவிக்க வேண்டுமென்பது ஏற்பாடு. புதிய அணையின் உயரம் 625 அடி. அதில் தேங்கும் ஜலம் 24 லட்சம் ஏக்கர்-அடி. ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி ஆழம் நிற்கும் ஜலம் ஓர் ஏக்கர்-அடி, அதாவது 43,560 கன அடி. அக்கணக்கின்படி நியூ மெலோன்ஸின் கொள்ளளவு சுமார் 10,450 கோடி கன அடி ஆகிறது. மேட்டூர் அணையின் கொள்ளளவு 9,347 கோடி கன அடி என்பதை நினைத்தால் இதன் பருமன் விளங்கும்.

பீரோ வழக்கப்படி இராஜ்யப் போர்டினிடம் அனுமதி கோரி மனுச் செய்தது. போர்டு நெடிய விசாரணை செய்து 1973ஆம் வருஷத்தில் 1422ஆம் நம்பர் முடிவை வெளியிட்டது. ஆற்றில் பிறர் பாத்தியத்துக்கு மிஞ்சிய ஜலம் உண்டு என்பதைப் போர்டு ஒப்புக்கொண்டது. ஆனால் ஜலத்தைத் தேக்கிய பின் எந்த ஊருக்கு, எந்த நிலத்துக்கு, எவ்வளவு கொடுக்கப் போகிறோம் என்பதைப் பீரோவினால் சொல்ல இயலவில்லை. தண்ணீர் வாங்க ஒப்பந்தம் செய்தவரும் இல்லை, குறிப்பிட்ட திட்டமும் இல்லை. உபயோகம் இன்னதென்று காட்டாமல் ஜலத்தைத் தேக்க மனுதாரருக்கு உரிமை கிடையாதென்பது கலிபோர்னியாச் சட்டம். ஆகவே போர்டு 25 நிபந்தனைகள் விதித்து அனுமதி கொடுத்தது. அவற்றுள் தலைமையானது, உறுதியான ஒப்பந்தங்களோ திட்டமோ காட்டும்வரையில் அணையை முழு மட்டத்துக்கு நிரப்பலாகாது என்பது. மீன் வளத்துக்காக வருஷத்தில் 98,000 ஏக்கர்-அடி வரையில் ஆற்றில் விடவேண்டும் என்றும், கீழே வெர்னாலிஸ் என்னுமிடத்தில் ஸான் ஹோவாகின் ஆற்று ஜலத்தின் உப்பு மாத சராசரியில் பத்து லட்சம் பாகத்துக்கு 500 பாகத்துக்கு மேற்படாதவாறு அணையிலிருந்து ஜலம் விட்டுக் காக்கவேண்டும் என்றும் வேறு நிபந்தனைகள் இருந்தன.

சாதாரணக் குடியானவருக்கு இப்படி உத்தரவு வந்திருந்தால் அவர் அடங்கியிருப்பார். ஐக்கிய சர்க்கார் அடங்கவில்லை. இராஜ்யத்தின் உத்தரவுக்கு உட்படாமலே மிஞ்சிய ஜலத்தைத் தேக்கத் தமக்கு அதிகாரம் உண்டென்று ஐக்கிய ஜில்லாக் கோர்ட்டில் தாவாத் தொடுத்தது. கோர்ட்டு ஒரு விசித்திரமான தீர்ப்பு அளித்தது. மரியாதையை முன்னிட்டுப் பீரோ போர்டுக்கு மனுச் செய்யவேண்டும். ஆனால் ஜலம் மிஞ்சியிருந்தால் போர்டு நிபந்தனையின்றி அனுமதி கொடுத்தே தீரவேண்டும். மனு வாங்கிக்கொண்டு முத்திரை குத்துவதைத் தவிர வேறு வேலையில்லாத ஓர் அதிகாரியாகப் போர்டு ஆயிற்று என்று இதற்குப் பொருள். அப்பீல் கோர்ட்டும், காரணத்தை 8ஆம் பிரிவுக்கு மாற்றிக்கொண்டதே யன்றி, முடிவை ஊர்ஜிதம் செய்தது.

சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது ஜட்ஜுகளில் அறுவர் கலிபோர்னியாவின் பக்கம் நின்றனர். அவர்களுக்காகத் தீர்ப்பெழுதிய ஜஸ்டிஸ் ரெங்குவிஸ்ட், மேற்கு இராஜ்யங்களின் ஜலச் சட்டத்தைக் காங்கிரஸ் நெடுங்காலமாக மதித்து வந்த வரலாற்றையும், 1902ஆம் வருஷத்துச் சட்டசபை விவாதங்களையும் விரிவாக எடுத்துக் காட்டி, 8ஆம் பிரிவு சொல்வதையே அது கருதுகிறது என்று முடிவு செய்தார். பழைய தீர்ப்புகளில் இதற்கு மாறாகக் காணும் வாசகங்கள் வழக்கின் முடிவுக்கு அவசியமற்ற பேச்சு என்று தள்ளப்பட்டன. காங்கிரஸ் குறிப்பிட்ட ஓர் அணையைப் பற்றி வெளிப்படையாக இட்ட கட்டளைக்கு முரண்படாத நிபந்தனை எதையும் இராஜ்யம் விதிக்கலாம், இலாகா அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். 25 நிபந்தனைகளில் ஏதேனும் முரண்படுகிறதா என்று பார்க்க வழக்கு கீழ்க்கோர்ட்டுக்குத் திரும்பிற்று. 1982இல் அப்பீல் கோர்ட்டு நிபந்தனைகளை நிலைநிறுத்தியது.

இத்தீர்ப்பின் எல்லையையும் அறிதல் அவசியம். இராஜ்யத்தின் கை எவ்வளவு ஓங்கினாலும் காங்கிரஸ் தெளிவாகச் சொல்லிய விதிக்கு எதிரே அது நில்லாது. தவிர, பொது நிலத்திலிருந்து ஐக்கிய சர்க்கார் ஒரு பாகத்தை ஒதுக்கி வைத்தால், அந்த ஒதுக்கீட்டின் நோக்கம் நிறைவேற எவ்வளவு ஜலம் வேண்டுமோ அவ்வளவும் கூடவே ஒதுக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். மான்டானாவில் பூர்வீக இந்தியர்களுடைய நிலத்தைப் பற்றிய 1908ஆம் வருஷத்து விண்டர்ஸ் வழக்கில் ஏற்பட்ட விதி இது. இராஜ்யத்தின் அனுமதி இதற்கு வேண்டுவதில்லை. ஆயினும் நியூ மெலோன்ஸ் தீர்ப்பு வெளியான அதே நாளில், நியூ மெக்ஸிகோவில் ஹீலா என்ற சர்க்கார் வனத்தைப் பற்றிய வழக்கில் இவ்விதியும் குறுக்கப்பட்டது. வனம் ஒதுக்கப்பட்டது மரத்துக்கும் ஆற்று ஓட்டத்தின் காப்புக்குமே. மீன், பொழுதுபோக்கு, கால்நடை முதலியவற்றுக்காகச் சர்க்கார் ஜலம் கோரினால், மற்றவர்களைப்போல் இராஜ்யத்திடமே கோரிப் பெறவேண்டும்.

ஓர் ஆற்றிலுள்ள பாத்தியங்கள் முழுவதையும் கோர்ட்டு ஒருங்கே நிர்ணயிக்கும்போது ஐக்கிய சர்க்காரையும் கட்சியாகச் சேர்க்கலாம் என்று 1952ஆம் வருஷத்து மக்காரன் திருத்தம் விதிக்கிறது. ஐடஹோ இராஜ்யத்தில் ஸ்நேக் ஆற்றைப் பற்றி 1987இல் ஆரம்பித்த அத்தகைய நிர்ணயம் 1,58,000க்கு மேற்பட்ட பாத்தியங்களை விசாரித்து 2014ஆம் வருஷத்தில் முடிந்தது. அதில் ஐக்கிய சர்க்காரும் மற்றவர்களோடு நின்று தன் பாத்தியத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. ஆனால் மனுக் கட்டணம் மட்டும் சர்க்கார் செலுத்த வேண்டியதில்லை என்று 1993இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது! குடியானவர்கள் தங்கள் கட்டணத்தைச் செலுத்தியே தீர்ந்தார்கள்.

அணைக்குக் கீழே

ஜலம் எடுக்கும் இலாகாவுக்குள்ள கடமை அனுமதி வாங்கியதோடு முடிவதில்லை என்பதற்கு ஸான் ஹோவாகின் ஆற்றிலேயே மற்றோர் உதாரணம் உண்டு. அவ்வாற்றின் தலைப்பில் 1942இல் முடிவுற்ற ப்ரையண்ட் அணையிலிருந்து பீரோ ஏறக்குறைய எல்லா ஜலத்தையும் கால்வாய்களில் திருப்பிவிட்டபடியால், கீழே சுமார் 60 மைல் தூரம் ஆறு பெரும்பாலும் வறண்டு கிடந்தது. கோடைக்கு முன் கடலிலிருந்து ஏறிவரும் ஸால்மன் மீன் அங்கே அற்றுப்போயிற்று. அணைக்குச் சொந்தக்காரர் யாராயினும் கீழேயுள்ள மீன்கள் நன்றாயிருக்கும் அளவு ஜலம் விடவேண்டும் என்று கலிபோர்னியாவின் மீன், வேட்டைச் சட்டத்தில் 5937ஆம் பிரிவு உண்டு. 8ஆம் பிரிவின் மூலம் இவ்விதியும் பீரோவைக் கட்டும் என்று 1988இல் தொடங்கிய வழக்கில் 2004ஆம் வருஷம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2006இல் சமாதானம் ஏற்பட்டு, 2009இல் காங்கிரஸும் அதற்குச் சட்டம் செய்தது. ஆற்றில் விடப்படும் ஜலம் அறுபது வருஷங்களாக அதை நம்பிச் சாகுபடி செய்து வந்த கீழ்த்திசைத் தோட்டங்களின் பங்கிலிருந்தே குறைகிறது என்பதை மறைப்பதற்கில்லை. கணக்குப் பார்க்காமல் கட்டிய அணையின் கடனைப் பேரப்பிள்ளைகள் தீர்க்கிறார்கள்.

இராஜ்யப் போர்டும் கடமையிலிருந்து தப்பவில்லை. லாஸ் ஏஞ்ஜலிஸ் நகரம் மோனோ ஏரிக்கு வரும் ஓடைகளைத் திருப்புவதற்கு 1940இல் இராஜ்யமே அனுமதி கொடுத்தது. ஏரிக்கு நேரிடும் கேடு தெரிந்தும் மறுக்கத் தமக்கு அதிகாரமில்லை என்று அக்காலத்து அதிகாரிகள் கருதினார்கள். நாற்பது வருஷங்களில் ஏரி சுமார் 45 அடி தாழ்ந்தது. கொடுத்த அனுமதியையும் மறுபடி பார்த்துப் பொதுஜன நன்மையைக் காப்பது இராஜ்யத்தின் நீங்காக் கடமை என்று 1983இல் கலிபோர்னியாச் சுப்ரீம் கோர்ட்டு விதித்ததன் பேரில், போர்டு 1994இல் நகரத்தின் பங்கைக் குறைத்து, ஏரி 6,392 அடி மட்டத்துக்கு உயரவேண்டும் என்று ஆணையிட்டது. 2024 வரையிலும் அம்மட்டம் எட்டப்படவில்லை.

ஸ்டானிஸ்லாஸ் உழவர்கள்

நியூ மெலோன்ஸ் அணை 1982-83ஆம் வருஷத்துப் பெருமழையில் நிரம்பிற்று. பழைய மெலோன்ஸ் அணை அந்நீரில் மூழ்கியது. அதன் சொந்தக்காரர்களான இரண்டு பாசன ஜில்லாக்களின் பாத்தியம் மூழ்கவில்லை. 1988இல் பீரோவோடு அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, வருஷத்தில் அணைக்கு வரும் ஜலத்தில் முதல் 6 லட்சம் ஏக்கர்-அடி அவர்களைச் சேரும். வரத்து அதற்குக் குறைந்தால், வந்தது முழுவதும், குறைந்த பாகத்தில் மூன்றிலொரு பங்கும் அவர்களுக்கு உண்டு. உதாரணமாக வரத்து 4,50,000 ஏக்கர்-அடி ஆனால் குறைவு 1,50,000. அதில் மூன்றிலொன்று 50,000. ஆகவே அவர்கள் பெறுவது 5,00,000. அந்த 50,000ஐ முன் வருஷங்களின் தேக்கத்திலிருந்து பீரோ கொடுத்தாகவேண்டும்.

புதிதாக வந்தவர்களின் கதை வேறு. ஸ்டாக்டன் கிழக்கு, மத்திய ஸான் ஹோவாகின் என்ற இரண்டு ஜில்லாக்கள் 1983இல் முறையே 75,000, 80,000 ஏக்கர்-அடி வரை ஜலத்துக்குப் பீரோவுடன் ஒப்பந்தம் செய்தன. இவ்வூர்களில் கிணற்று நீர்மட்டம் வருஷந்தோறும் இறங்கிக்கொண்டிருந்ததே அவர்கள் ஆற்று ஜலத்தை நாடியதற்குக் காரணம். ஸ்டாக்டன் கிழக்கு ஜில்லா மலையைக் குடைந்து குட்வின் சுரங்கக் கால்வாயையும் பெருஞ் செலவில் அமைத்தது. கால்வாய் தயாரான சமயத்தில் ஜலம் வரவில்லை. வெர்னாலிஸ் உப்பைக் கரைப்பதற்கும், மீன்களுக்காகவும் ஜலம் போயிற்று. 1992ஆம் வருஷத்தில் காங்கிரஸ் செய்த சட்டம், மத்தியப் பள்ளத்தாக்கு அணைகளிலிருந்து மீன் வளத்துக்காக வருஷம் 8 லட்சம் ஏக்கர்-அடி ஒதுக்கியதோடு, இராஜ்யப் போர்டின் முடிவுகளுக்குப் பீரோ அடங்கவேண்டும் என்றும் மறுபடி கூறியது. வெர்னாலிஸில் உப்பு ஏறுவதற்குப் பீரோவின் திட்டங்களே முக்கிய காரணம் என்று 2000ஆம் வருஷத்தில் முடிவான 1641ஆம் நம்பர் உத்தரவில் போர்டு கண்டது. மேற்குக் கரையில் பீரோ கொடுத்த ஜலம் பாய்ந்து வடிந்த உப்பைக் கரைக்க, கிழக்கிலுள்ள ஸ்டானிஸ்லாஸின் ஜலம் செலவாயிற்று.

இரண்டு ஜில்லாக்களும் ஒப்பந்தத்தை மீறியதாக ஐக்கிய சர்க்கார் மீது வழக்குத் தொடுத்தன. இதே போன்ற குறைவுக்காக மேற்குக் கரை விவசாயிகள் தொடுத்த வழக்கொன்று 1995இல் தோற்றிருந்தது. அவர்கள் கையெழுத்திட்ட பத்திரத்தில், மழையின்மை அல்லது வேறு எக்காரணத்தாலும் ஜலம் குறைந்தால் சர்க்கார் ஜவாப்தாரியன்று என்று கண்டிருந்தது. ஸ்டாக்டன் பத்திரத்திலோ, சர்க்காரின் சக்திக்கு மேற்பட்டவை என்று அதிகாரி கருதும் காரணங்களால் குறைந்தால் மட்டுமே விலக்கு என்று இருந்தது. சட்டத்தை இயற்றியதும் ஜலத்தை வேறு காரியத்துக்கு விட்டதும் சர்க்காரே. 2009ஆம் வருஷத்தில் ஐக்கிய அப்பீல் கோர்ட்டு, விலக்குக்கு இடமில்லை, ஒப்பந்தம் மீறப்பட்டது என்று தீர்ப்பளித்து, நஷ்டஈட்டைக் கணக்கிடுமாறு வழக்கைக் கீழ்க்கோர்ட்டுக்கு அனுப்பியது.